மயக்கமா, சொக்குமா?

தூக்கத்துக்கு இங்கிலீஷில் எத்தனை வார்த்தை பாருங்கள் என்று நண்பர் ஒருவர் வாட்ஸப்பில் பட்டியல் அனுப்பியிருந்தார். டோஸ், நேப், ஸ்னூஸ், ட்ரவுசி. பக்கத்திலேயே பிரெஞ்சும் போட்டு, "தமிழில் தூக்கம் ஒன்றுதானே?" என்று கடைசியில் ஒரு குத்தல்.

யார் சொன்னது? இமை தானாக இறங்கினால் சொக்குதல். தலை ஆடி ஆடிச் சாய்ந்தால் தூங்கி வழிதல். உட்கார்ந்த இடத்தில் ஒரு நிமிஷம் கண்ணயர்தல். சின்னச் சத்தத்துக்கும் கலைந்தால் கோழித் தூக்கம். சாப்பாட்டுக்குப் பின்னால் உண்ட மயக்கம். நம் யதோக்தகாரிப் பெருமாள் தூங்குகிறார் என்று காஞ்சிபுரத்தில் ஒருவரும் சொல்லமாட்டார்கள், பள்ளிகொண்டிருக்கிறார். பிரெஞ்சுக்காரர்கள் உட்கார்ந்தபடி தூங்கி விழுவதை 'பிக்கே து நே' என்பார்கள், மூக்கு குத்திக் கவிழ்வதுபோல. அழகுதான். அதற்காக நாம் ஒன்றும் ஏழையில்லை.

என் கோபம் வேறு இடத்தில். சளிக்கும் அரிப்புக்கும் தரும் மாத்திரைகள் பலவற்றுக்கு இமையை இறக்கும் குணம் உண்டு. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தாலும் பொடி எழுத்தில், இங்கிலீஷில். கடையில் கேட்டால் "மயக்கம் வரும்" என்பார்கள். மயக்கம் என்றால் நம் ஊரில் பொத்தென்று விழுவது! பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர் அதைக் கேட்டுப் பயந்து, மாத்திரையே போடாமல் ஒரு வாரம் சொறிந்துகொண்டே தறியில் உட்கார்ந்தார். இன்னொருவரிடம் "தூக்கம் வரும்" என்றார்களாம். பகலில் படுக்கும் வழக்கமே நமக்கு இல்லையே என்று விழுங்கிவிட்டு மொபெட்டில் கிளம்பினார். ஓரிக்கை போகும் வழியில் கண் செருகி, வண்டி பள்ளத்தில். முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று.

"கண் சொக்கும், வண்டி எடுக்காதீங்க." நாலே வார்த்தை. இதைச் சொல்ல என்ன கஷ்டம்?

பிரான்ஸில் இத்தகைய மருந்துப் பெட்டியில் முக்கோணத்துக்குள் ஒரு கார் படம் போடுகிறார்கள். மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் அதிகக் கவனம், சிவப்பு என்றால் வண்டியைத் தொடாதே. படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். அவர்களிடம் கடன் வாங்குவதானால் இதை வாங்கலாம், வார்த்தைப் பட்டியலை அல்ல.

கடைப் பலகையில் தமிழ் வேண்டும் என்று எவ்வளவு கூச்சல் போட்டோம்! உள்ளே விற்கும் மாத்திரை அட்டையில் ஏன் கேட்கவில்லை? அரசாங்கம் செய்கிறபோது செய்யட்டும். அதுவரை, மருந்து வாங்கும்போது கடைக்காரரை விடாமல் கேளுங்கள்: "தம்பி, இது மயக்கமா, சொக்குமா?"