தட்டும் ஒலியும் கேட்கும் செவியும்

நாவலூரில் நம் இல்லத்திற்கு இரண்டு வீடுகள் தள்ளி வாழும் அன்பர் ஒருவர், வாடகைக் கார் ஓட்டிக் குடும்பத்தைக் காத்து வருபவர். சென்ற கோடையில் ஒரு மாலை அவர் நம்மை நாடி வந்து, "நகைக்கு எந்த வங்கியில் வட்டி குறைவு, சார்?" என்று கேட்டார். காரணம் வினவினோம். சிக்னலில் நின்று புறப்படும்போதெல்லாம் காரின் எஞ்சினில், தகரக் குவளையில் கோலிகளை இட்டுக் குலுக்குவது போன்ற ஓசை எழுகிறதாம். பட்டறையில் முதலில் சென்சார் ஒன்றை மாற்றி மூவாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டனர். ஓசை நீங்கவில்லை. இப்போது எஞ்சினையே பிரிக்க வேண்டும், நாற்பத்தைந்தாயிரம் ஆகும் என்கின்றனர். மனைவியின் வளையல்களை அடகு வைப்பதன்றி அவருக்கு வேறு வழி தோன்றவில்லை.

வாகனம் என்பது இன்று பல குடும்பங்களுக்கு ஆடம்பரமன்று. அடுப்பெரியச் செய்யும் கருவி. ஆகவே இம்மாதம் இந்த ஓசையைப் பற்றியே நம் வாசகர்களோடு உரையாட விரும்புகிறோம்.

மெக்கானிக்குகள் இதனை 'நாக்கிங்' என்பர். பெட்ரோல் எஞ்சினின் சிலிண்டரில் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து அழுத்தப்படுகின்றன. உரிய நொடியில் ஸ்பார்க் பிளக் பொறியை எழுப்ப, தீ ஓரிடத்தில் தொடங்கி ஒழுங்காகப் பரவி பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. இதுவே முறை. ஆனால் சிலிண்டர் அளவு மீறிச் சூடேறினாலோ, எரிபொருள் தரம் குன்றினாலோ, தீ சென்று சேருமுன்னரே கடைக்கோடியில் எஞ்சியுள்ள கலவை தானாகவே வெடிக்கிறது. அவ்வெடிப்பின் அழுத்த அலைகள் சிலிண்டர்ச் சுவரில் மோதி, மணியை அடித்தாற்போல் அதனை அதிரச் செய்கின்றன. நாம் கேட்பது அந்த அதிர்வே. சிறிதளவாயின் தீங்கு குறைவு. கடுமையாகத் தொடர்ந்தாலோ பிஸ்டன் வளையங்களுக்கு இடைப்பட்ட பகுதி உடையும். பிஸ்டனே துளைபட்டுப் போவதும் உண்டு.

இவ்வோசையை அடக்க மனிதர் முயன்ற வரலாறு படிப்பினை நிறைந்தது. 1921ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர் தாமஸ் மிட்ஜ்லி, ஈயம் கலந்த ஒரு சேர்மத்தைச் சில துளிகள் பெட்ரோலில் சேர்த்தால் நாக்கிங் அடங்கிவிடுவதைக் கண்டார். 1923இல் அது விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே அதனைத் தயாரித்த நியூ ஜெர்சி ஆலையில் தொழிலாளர் ஐவர் ஈய நஞ்சேறி இறந்தனர். எனினும் வணிகம் நிற்கவில்லை. உலகெங்கும் வாகனப் புகையோடு ஈயம் காற்றில் கலந்து, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. நம் நாட்டில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995ஆம் ஆண்டு ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமாயிற்று. 2000இல் ஈயப் பெட்ரோல் நாடு முழுவதும் ஒழிந்தது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021ஆம் ஆண்டு அதனைக் கைவிட்டது. எஞ்சினின் வாயை அடைக்க நூறாண்டுக் காலம் நாம் கொடுத்த விலை இது.

அடக்குவதை விட்டுச் செவிகொடுத்துக் கேட்பதே நல்வழி எனப் பின்னர் உணர்ந்தனர். அம்பாசிடர் காலத்து மெக்கானிக்குகள் இதனைச் செவியாலேயே செய்தனர். வண்டியை ஓட்டிப் பார்த்து, தட்டல் கேட்டால் டிஸ்ட்ரிபியூட்டரைச் சிறிது திருப்பிப் பொறி எழும் நேரத்தைத் தாமதப்படுத்துவர். இன்று அதே பணியை எஞ்சின் பிளாக்கில் திருகப்பட்ட நாக் சென்சார் என்னும் சிறு கருவி செய்கிறது. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880இல் கியூரி சகோதரர்கள் கண்ட உண்மையே இதற்கு அடிப்படை. அதிர்வு படிகத்தை அழுத்துகிறது, மின்குறிப்பு பிறக்கிறது. சாதாரணக் கார்களின் சிலிண்டர் அளவில் நாக்கிங்கின் அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 6,000 முதல் 8,000 வரை இருக்கும். காரின் கணினி அந்த அதிர்வை மட்டும் பிரித்தறிந்து, உடனே பொறியைச் சில பாகைகள் தாமதப்படுத்துகிறது. தட்டல் நின்றபின் மெல்ல மெல்லப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கணினி காப்பாற்றிவிடுவதால் பெரும்பாலும் ஓசை நம் செவிக்கு எட்டுவதில்லை. வண்டியின் இழுவை குறையும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். காரணம் மட்டும் புரியாது. கணினி பின்வாங்கியும் அடங்காத தட்டலே வெளியே கேட்கிறது. நம் அன்பரின் கார் அந்நிலையில்தான் இருந்தது.

நற்பேறாக, இன்றைய கார்களில் ஸ்டீயரிங்கின் கீழ்ப்புறத்தில் பதினாறு முனைகள் கொண்ட ஓபிடி இணைப்பு உள்ளது. அதில் செருகும் சிறு கருவி ஆயிரம் ரூபாய் அளவிற்குக் கிடைக்கிறது. சென்சார்கள் கூறுவதைக் கைப்பேசியில் எண்களாகக் காட்டுகிறது. எல்லாக் கார்களிலும் நாக் சென்சாரின் குறிப்பை நேராகக் காண இயலாது. ஆனால் பொறி எழும் பாகையைக் காணலாம். ஒரே வேகம், ஒரே பளு இருக்கையில் அப்பாகை குறைந்தால், கணினி எதற்கோ அஞ்சிப் பின்வாங்குகிறது என அறியலாம்.

அன்பரை வண்டி ஓட்டச் சொல்லி, நாம் பக்கத்து இருக்கையில் அமர்ந்து எண்களைக் குறித்தோம். மறுநாள் விடியற்காலை ஆறு மணிக்கு நாவலூரிலிருந்து கேளம்பாக்கம் வழியே திருப்போரூர் சென்றோம். எஞ்சின் 2,000 சுற்று, பளு 65 விழுக்காடு. பொறி 21 பாகை முன்னதாக எழுந்தது. குளிர்நீரின் வெப்பம் 91 டிகிரி. ஓசை இல்லை.

அன்று மாலை அலுவலகங்கள் விடும் வேளையில், ஏ.சி.யை இயக்கிக்கொண்டு, மெட்ரோ பணியால் குறுகிக் கிடந்த சாலையில் சோழிங்கநல்லூர் நோக்கிப் புறப்பட்டோம். சிக்னல்தோறும் நிற்க நிற்க வெப்பம் 97, 103, 109 என ஏறிற்று. புறப்பட்டபோது அதே 2,000 சுற்று, அதே 65 விழுக்காடு. பொறியோ 12 பாகைக்கு இறங்கிவிட்டது. கோலிகளும் குலுங்கின. எரிபொருள் கலவையைக் காட்டும் எண்கள் இருவேளையும் ஒன்றே. டாங்கில் இருந்ததும் அதே பெட்ரோல். முகப்புப் பலகையின் வெப்ப முள்ளோ நடுவிலேயே நின்றது! பல கார்களில் அம்முள் நடுநிலையை விட்டு எளிதில் அசையாதவாறு அமைக்கப்பட்டுள்ளது. ஓட்டுநர் அதனை நம்பி ஏமாறுகிறார்.

ஓடும்போது குளிர்கிறது, நிற்கும்போது கொதிக்கிறது என்றால் ஐயம் யார் மீது செல்லும்? ஓடும் காரை எதிர்க்காற்றே குளிர்விக்கும். நிற்கும் காருக்கு ரேடியேட்டர் விசிறி ஒன்றே துணை. பானெட்டைத் திறந்து பார்த்தோம். விசிறி மெதுவான வேகத்தில் மட்டும் சுழன்றது, ஏ.சி. இயங்கியும், வெப்பம் மிகுந்தும், உயர் வேகத்திற்கு அது மாறவில்லை. அறிந்த மெக்கானிக் ஒருவர் சோதித்து, உயர் வேகத்திற்கான ரிலே செயலிழந்ததை உறுதி செய்தார். ரிலேயும் கூலியும் சேர்ந்து அறுநூறு ரூபாய். அன்று மாலையே அதே சாலையில் சென்றோம். வெப்பம் 98ஐத் தாண்டவில்லை, பொறி 20 பாகைக்குத் திரும்பியது, ஓசை மறைந்தது. வளையல்கள் வங்கிக்குச் செல்லவில்லை.

இதில் நாம் கற்பது என்ன? சென்சார் சாட்சியேயன்றிக் குற்றவாளியன்று. 'பி 0325' போன்ற எண் தோன்றினால் நாக் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்பது பொருள். அப்போதும் கம்பியையும் இணைப்பையும், சென்சார் குறித்த அளவில் முறுக்கப்பட்டுள்ளதா என்பதையும் முதலில் காண வேண்டும். எண்ணே தோன்றாதபோது சென்சாரை மாற்றுவது, அழும் குழந்தையின் வாயைப் பொத்துவதற்கு ஒப்பாகும்.

தட்டல் கேட்டால் கீழ்க்கண்ட வரிசையில் ஆராய்க. முதலில் வெப்பம், குளிர்நீர், விசிறி. அடுத்து, தாழ்ந்த வேகத்தில் உயர்ந்த கியரில் ஓட்டும் பழக்கம். பின்னர், கார் நிறுவனம் குறித்த வகை ஸ்பார்க் பிளக், பெட்ரோலின் தரம், கலவையில் காற்று மிகுதல். அதன்பின் சிலிண்டரில் படிந்த கரி. எஞ்சினைப் பிரிப்பது இறுதியிலும் இறுதி. எத்தனால் கலந்த பெட்ரோலே இதற்குக் காரணம் எனச் சிலர் கூறுவர். 2025இல் நம் நாடு 20 விழுக்காடு கலப்பை எட்டியது உண்மை. அதனால் மைலேஜ் சற்றுக் குறையலாம். பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்கள் குறித்துக் கவலையும் உண்டு. ஆனால் எத்தனால் இயல்பாகவே நாக்கிங்கைத் தடுக்கும் தன்மையது. அப்பழியை அதன் மேல் சுமத்துதல் முறையன்று.

இரண்டு எச்சரிக்கைகள். ஓட்டுபவர் எண்களைப் பார்த்தலாகாது. உடன் ஒருவர் அமர்ந்தே குறிக்க வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறவாதீர்.

பெருந்தொகை கேட்கும் பட்டறையில், "எந்த எண்ணைக் கொண்டு இம்முடிவுக்கு வந்தீர்கள்?" என்று பணிவோடு கேளுங்கள். நல்ல மெக்கானிக் மகிழ்ந்து காட்டுவார். காட்ட இயலாதவரிடம் வண்டியை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை.