அட்டையின் விலையில் உங்கள் நேரமும் சேரட்டும்



தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, வெசாக், தீபாவளி, நத்தார் என்று நம் நாட்டில் வாழ்த்துச் சொல்லும் நாட்களுக்குக் குறைவில்லை. ஒக்டோபர் பிறந்தால் முதலாம் திகதி சிறுவர் தினம், ஆறாம் திகதி ஆசிரியர் தினம். கைத்தொலைபேசியில் ஒரே படத்தை நூறு பேருக்கு நொடியில் அனுப்பிவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் அப்படி வந்த படத்தை யார் எடுத்து வைக்கிறார்கள்? கையால் செய்த அட்டை அப்படியல்ல. அது அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கும். பல வருடம் கழித்தும் எடுத்துப் பார்ப்பார்கள்.

இறப்பர் முத்திரையும் மையும் கொண்டு வாழ்த்து அட்டை செய்வது, நம் பதுளைப் பகுதித் தோட்டத்துப் பெண்கள் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய கைவேலை. பெரிய முதல் வேண்டாம், மின்சார இயந்திரம் வேண்டாம். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. அதையும் சேர்த்தே இந்த மாதம் பேசுவோம்.

முத்திரை செய்யும் விதம்

இறப்பர் நமக்குப் புதிதல்ல. பிரேசில் நாட்டு விதையிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைத்த கன்றுகள் 1876இல் இலங்கைக்கு வந்து, கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடை பூங்காவில் நடப்பட்டன. இன்று நம் ஊவா மாகாணத்தின் மொனராகலை மாவட்டத்திலும் இறப்பர் பயிரிடப்படுகிறது. இறப்பர் பாலைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்பதை அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். இறப்பர் முத்திரை தோன்றியது அதற்குப் பிறகுதான்.

கடையில் முத்திரை வெட்டிக் கொடுப்பார்கள். நமக்கு அது தேவையில்லை. பிள்ளைகள் பாவிக்கும் அழிறப்பரும் தேய்ந்துபோன இறப்பர் செருப்பின் அடியும் போதும். வேண்டிய படத்தை மெல்லிய தாளில் பென்சிலால் அழுத்தி வரையுங்கள். அந்தத் தாளை இறப்பரின் மேல் குப்புற வைத்து நகத்தால் தேய்த்தால், படம் இடம் வலமாக மாறி இறப்பரில் பதியும். இப்படி மாறியிருந்தால்தான் அட்டையில் குத்தும்போது நேராக விழும். எழுத்து வெட்டும்போது இதை மறந்தால் "பொங்கல்" என்ற சொல் கண்ணாடியில் பார்த்ததுபோல் வந்துவிடும். பிறகு கோட்டைச் சுற்றியுள்ள பகுதியைக் கூரான பிளேட்டால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி நீக்குங்கள். பிளேட்டின் ஒரு பக்கத்தைத் துணியால் சுற்றிக்கொள்ளுங்கள்; சிறு பிள்ளைகளின் கையில் கொடுக்கவேண்டாம். வெட்டிய இறப்பரை ஒரு சிறிய மரத்துண்டில் ஒட்டிவிட்டால் முத்திரை தயார்.

இறப்பர் கிடைக்காவிட்டால் சமையல் அறையைப் பாருங்கள். வெலிமடை உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தில் பூவோ நட்சத்திரமோ செதுக்கலாம். ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்த பிறகே மை தொடவேண்டும். அது ஒரு நாளுக்குத்தான் தாங்கும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் செதுக்காமலே பூ கிடைக்கும். தேயிலைக் கொழுந்தின் பின்பக்கத்தில் மை தடவி அழுத்தினால் நரம்புகள் ஒவ்வொன்றும் தெளிவாக விழும். சிறு வயதில் வீதியோரத்துப் பன்ன இலையைப் பறித்துப் புறங்கையில் தட்டி, அதன் வெள்ளைப் பொடி பதிந்ததைப் பார்த்து மகிழ்ந்திருப்பீர்கள். அன்று விளையாடிய அந்த விளையாட்டுத்தான் இன்று கைத்தொழிலாகிறது.

ஒரு எச்சரிக்கை. கிராம உத்தியோகத்தரின் முத்திரை, தோட்ட அலுவலக முத்திரை, அரச இலச்சினை போன்றவற்றைப் பார்த்து விளையாட்டுக்குக்கூட வெட்டாதீர்கள். அது சட்டப்படி குற்றம்.

மையும் அட்டையும்

பிறிஸ்டல் போட் தாள் இதற்குப் பொருத்தமானது. மினுக்கம் உள்ள அட்டையில் முத்திரை மை எளிதில் ஊறாது. கை பட்டதும் இழுபடும். மைப்பெட்டி வாங்க வசதியில்லை என்றால், ஒரு தகர மூடியில் மெல்லிய பஞ்சை வைத்து, பருத்தித் துணியால் மூடி, முத்திரை மையைச் சில துளிகள் விடுங்கள். மை கூடினால் கோடுகள் அடைந்துவிடும். முதல் இரண்டு அடியைப் பழைய தாளில் குத்திப் பார்த்த பிறகே அட்டையில் குத்துங்கள்.

தேயிலையிலிருந்தும் மை செய்யலாம். கடுஞ்சாயமாகக் கொதிக்கவைத்து வற்றிய தேநீரில், துருப்பிடித்த ஆணிகளைச் சில நாட்கள் வினாகிரியில் ஊறவைத்த நீரைச் சேர்த்தால் அது கறுக்கும். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்வதால் வரும் கறுப்பு அது. தூரிகையால் எழுதவும் இலைமேல் பூசவும் அது உதவும். பிள்ளைகள் குடித்துவிடாதபடி போத்தலில் பெயர் எழுதி உயரத்தில் வையுங்கள். மஞ்சளும் பீட்றூட் சாறும் பார்க்க அழகுதான். ஆனால் வெயிலில் வெளிறிவிடும். விற்பனைக்கு அவை வேண்டாம்.

விலை போடும் விதம்

இப்போது அந்தப் பொறிக்கு வருவோம். பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலுள்ள மாதர் குழு ஒரு கடைக்கு அட்டை செய்து கொடுத்தது. ஓர் அட்டைக்கு 50 ரூபா. தாள், உறை, மை, பசை எல்லாம் சேர்த்து 30 ரூபா. மீதி 20 ரூபா இலாபம் என்று கொப்பியில் எழுதியிருந்தார்கள். ஓர் அட்டைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று கேட்டேன். கால் மணித்தியாலம் என்றார்கள். அந்த நேரம் கணக்கில் எங்கே என்று கேட்டபோது, இளம் பெண் ஒருத்தி சிரித்தாள்.

"ராவுல சும்மா இருக்கிற நேரந்தானே மிஸ், அதுக்கு என்னா கணக்கு?"

பக்கத்தில் இருந்த மூத்த தொழிலாளி விடவில்லை. "காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு, சமைச்சு வச்சு, மல ஏறி கொழுந்தெடுத்து, வெறகும் தண்ணியும் சொமந்தவளுக்கு ராவு எட்டு மணிக்கு சும்மா நேரம் எங்கடி இருக்கு? அது நீ தூங்க வேண்டிய நேரம்."

அந்த ஒரு சொல்லில் முழு விடயமும் இருக்கிறது. பெண்ணின் உழைப்பு வீட்டுக்குள் நடந்தால் அதை உழைப்பு என்று யாரும் எண்ணுவதில்லை. செய்கிற பெண்ணும் எண்ணுவதில்லை. மலையில் கொழுந்தெடுத்தால் கிலோக் கணக்கு உண்டு. லயத்து விளக்கடியில் அட்டை செய்தால் மட்டும் கணக்கில்லை.

ஆகவே அன்று சேர்ந்து கணக்குப் போட்டோம். தோட்டத் தொழிலாளரின் ஆகக்குறைந்த நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. 1,350ஐ எட்டு மணித்தியாலத்தால் பிரித்தால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 169 ரூபா. கால் மணித்தியாலத்துக்கு 42 ரூபா. பஸ் செலவுக்கும் பழுதாகும் அட்டைகளுக்கும் 8 ரூபா. பொருட் செலவு 30 ரூபாவையும் கூட்டினால் ஓர் அட்டையின் அடக்கவிலை 80 ரூபா. 50 ரூபாவுக்கு விற்ற ஒவ்வோர் அட்டையிலும் அந்தப் பெண்கள் 30 ரூபாவைத் தங்கள் தூக்கத்திலிருந்து எடுத்துக் கடைக்காரருக்குக் கொடுத்திருக்கிறார்கள்!

குழு 100 ரூபா கேட்டது. கடை வேண்டாம் என்றது. இரண்டு மாதம் விற்பனை இல்லை. பழைய விலைக்கே கொடுத்திருக்கலாமே என்று சிலர் குறைப்பட்டார்கள். இருவர் குழுவை விட்டு விலகினார்கள். இருந்தவர்கள் விலையைக் குறைப்பதற்குப் பதிலாக நேரத்தைக் குறைக்க வழி பார்த்தார்கள். ஒருவர் தாள் வெட்ட, ஒருவர் முத்திரை குத்த, ஒருவர் மடித்து உறையிட என்று வேலையைப் பிரித்ததும் ஓர் அட்டைக்கு 9 நிமிடமே போனது. உழைப்பின் பங்கு 25 ரூபாவாகவும் அடக்கவிலை 63 ரூபாவாகவும் இறங்கியது. குழுச் சேமிப்புக்கு 12 ரூபா சேர்த்து 75 ரூபாவுக்கு ஆசிரியர் தினத்தின்போது பாடசாலைகளில் நேரடியாக விற்றார்கள். பெருந்தொகை ஒன்றும் வரவில்லை. ஆனால் வந்தது உண்மையான வருமானம்.

பொருட்களின் விலை இடத்துக்கு இடம் மாறும். கணக்கின் முறை மாறாது. உங்கள் தோட்டத்து நாட்சம்பளத்தை எடுத்து நீங்களும் இப்படியே கணக்குப் போடுங்கள். ஒன்றையும் மறவாதீர்கள்: இந்தக் கைவேலை சம்பளத்துக்கு மாற்று அல்ல. நியாயமான சம்பளத்தைக் கேட்பதை இது நிறுத்தக்கூடாது. அதுபோல், ஓடர் அவசரம் என்று பிள்ளைகளைப் படிப்பிலிருந்து எழுப்பி வேலைக்கு இருத்துவதும் கூடாது.

பின்பக்கத்தில் ஒரு பெயர்

மை என்றால் நம் பாட்டிமாருக்கு வேறு ஞாபகம் வரும். பெருவிரலில் பூசி, கைநாட்டு வைத்த மை அது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம்மவர்கள் நாடற்றவர்களானார்கள். 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கியது. இத்தனை காலமும் எத்தனை படிவங்கள், எத்தனை பெருவிரல் அடையாளங்கள்! பெண்களின் சம்பளத்தைக் கணவன்மார் போய் வாங்கி வருவதும் பல தோட்டங்களில் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. மை நம் விரலில் இருந்தது. காசும் முடிவும் வேறு கையில் இருந்தன.

ஆகவே அட்டையின் பின்பக்கத்தை வெறுமையாக விடாதீர்கள். குழுவின் பெயர், தோட்டத்தின் பெயர், விருப்பமானால் செய்தவரின் பெயர் ஆகியவற்றை ஒரு சிறு முத்திரையாக வெட்டிக் குத்துங்கள். வாங்குவோரும் அதை மதிப்பார்கள். கேகாலைப் பக்கத்தில் 1997இல் தொடங்கிய மெக்சிமஸ் நிறுவனம் யானைச் சாணத்திலிருந்து தாள் செய்து, 2006இல் பிபிசி நடத்திய உலகப் போட்டியில் பரிசு பெற்றது. தாள் எதிலிருந்து, எந்த மக்களால் ஆனது என்ற கதையையும் சேர்த்தே அது விற்கிறது. யுனிசெவ் நிறுவனத்தின் முதல் வாழ்த்து அட்டை, செக்கோஸ்லோவாக்கியாவில் ஜிட்கா சம்கோவா என்ற ஏழு வயதுச் சிறுமி தாள் இல்லாமல் கண்ணாடியில் வரைந்த படம். 1949இல் வெளியான அந்த அட்டையோடு அவளுடைய பெயரும் இன்றுவரை நினைக்கப்படுகிறது. எல்லையிலும் ஒன்பது வளைவுப் பாலத்தருகிலும் உல்லாசப் பிரயாணிகளுக்கு அட்டை விற்க நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கொண்ட படத்தை யாரும் அச்சடிக்கலாம். அந்தக் கொழுந்தைக் கிள்ளிய கையே செய்தது என்று சொல்ல உங்களால் மட்டுமே முடியும்.

இந்த வாரம் பத்து அட்டை செய்து பாருங்கள். தொடங்கும்போது ஒரு முறையும் முடிக்கும்போது ஒரு முறையும் மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைக் கொப்பியில் எழுதுங்கள். வருகிற பணத்தை உங்கள் பெயரிலுள்ள வங்கிப் புத்தகத்தில் போடுங்கள். கணக்கில் சந்தேகம் இருந்தால் குழுவில் வைத்துப் பேசுங்கள். தனியே விலையைக் குறைத்துவிடாதீர்கள். ஒருத்தி குறைத்தால் அடுத்த லயத்துச் சகோதரியின் விலையும் சேர்ந்துதான் இறங்கும்.