வரி பூஜ்ஜியம்... ஆனா பதிவு மட்டும் முதல் ரூபாயிலிருந்தே!

தோழர்களே, ஒரு பட்டுப்பாவாடை கதை. இரண்டு நிமிஷம் ஒதுக்கிப் படிங்க.

எங்க தெருவுல ஒரு அக்கா. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு பாவாடை சட்டை தைக்கிறாங்க. போட்டோ எடுத்து இன்ஸ்டாவில் போடுவாங்க. போன வருஷம் பொங்கலுக்கு முன்னாடி மெல்போர்னில் இருந்து ஒரு தமிழ்க் குடும்பம் மெசேஜ் பண்ணுச்சு. "எங்க பொண்ணுக்கு ஒண்ணு வேணும்." விலை ₹1,800. அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த பார்சல் போகவே இல்லை.

யார் தடுத்தாங்கன்னு நினைக்கிறீங்க? ஆஸ்திரேலியாவா?

இல்லை. ஆஸ்திரேலியா 2018 ஜூலை 1 முதல் வெளிநாட்டு ஆன்லைன் விற்பனையாளர்களிடமும் ஜிஎஸ்டி கேட்குது. உண்மை. ஆனா அங்கே ஒரு எல்லைக்கோடு இருக்கு. வருஷத்துக்கு 75,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் அந்த நாட்டுக்கு விற்றால்தான் பதிவு. நம்ம பணத்தில் 40 லட்சத்துக்கும் மேல். அதுக்குக் கீழேயா? போய்ட்டு வாங்கன்னு விட்டுடறாங்க.

சிங்கப்பூர்? 2023 ஜனவரி 1 முதல் சின்ன பார்சலுக்கும் வரி உண்டு. ஆனா உலகம் முழுக்க 10 லட்சம் சிங்கப்பூர் டாலர் விற்பனை, அதில் சிங்கப்பூர் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் 1 லட்சம் டாலர், இரண்டையும் தாண்டினால்தான் பதிவு.

அமெரிக்கா? 2018-இல் 'வேஃபேர்' வழக்கில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், கடையே இல்லாத மாநிலத்திலும் விற்பனை வரி வசூலிக்கச் சொல்லலாம்னு தீர்ப்பு கொடுத்தது. அங்கேயும் எல்லைக்கோடு இருக்கு. பல மாநிலங்களில் 1 லட்சம் டாலர். கலிஃபோர்னியா, டெக்சாஸில் 5 லட்சம் டாலர். (2025-இல் வந்த டிரம்ப் இறக்குமதி வரி தனிக் கதை. நான் பேசுறது விற்பனை வரி.)

அப்போ அக்காவைத் தடுத்தது யாரு? நம்ம நாட்டு ஜிஎஸ்டி சட்டம்தான்!

தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் விற்றால் வருஷத்துக்கு ₹40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். ஆனா ஏற்றுமதியை சட்டம் 'மாநிலம் தாண்டிய விற்பனை'ன்னு சொல்லுது. மாநிலம் தாண்டி வரிக்குட்பட்ட பொருள் விற்றால், சிஜிஎஸ்டி சட்டம் 24-ஆம் பிரிவுப்படி பதிவு கட்டாயம். 40 லட்சமும் கிடையாது, 4 லட்சமும் கிடையாது. முதல் ரூபாயிலிருந்து! ஒரே ஒரு பாவாடை அனுப்பினாலும் பதிவு.

இதில் பெரிய வேடிக்கை கேளுங்க. ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி விகிதம் பூஜ்ஜியம். அரசுக்கு இதில் பத்து பைசா வரி வரப்போறது இல்லை. வராத வரிக்கு பதிவு எண், வருஷா வருஷம் எல்யூடி என்ற உறுதிக் கடிதம், ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி. கட்ட வேண்டிய வரி ஒண்ணுமே இல்லாத ரிட்டர்னை மறந்தாலும் நாள் ஒன்றுக்கு ₹20 தாமதக் கட்டணம். வரி பூஜ்ஜியம், அபராதம் பூஜ்ஜியம் இல்லை!

எல்யூடி போடலையா? முதலில் வரியைக் கட்டி அனுப்பு, அப்புறம் திருப்பி வாங்கிக்கோன்னு சொல்றாங்க. ₹1,800 பாவாடைக்கு 5% என்றால் ₹90. ஆனா திருப்பித் தரும் தொகை ₹1,000-க்குக் கீழே இருந்தால் தர மாட்டோம்னு அதே சட்டத்தின் 54(14) பிரிவு சொல்லுச்சு. பெரிய ஏற்றுமதியாளருக்கு கோடியில் ரீஃபண்ட், பார்சல் அனுப்புறவங்களுக்கு நாமம். இதை நீக்கணும்னு ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைச்சது எப்போ தெரியுமா? 2025 செப்டம்பர் 3. சட்டம் வந்தது 2017 ஜூலை 1. எட்டு வருஷம் கழிச்சுத்தான் ஞானோதயம்!

நான் இன்ஜினியரிங் முடிச்சவன். நான் வீட்டில் உட்கார்ந்து அமெரிக்க கம்பெனிக்கு கோடு எழுதிக் கொடுத்தால், அது சேவை. ₹20 லட்சம் வரை எனக்கு ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். 2017-லேயே அந்த விலக்கைக் கொடுத்துட்டாங்க. அதே தெருவில் அக்கா தைச்சு அனுப்பினால் அது பொருள். விலக்கு கிடையாது. லேப்டாப்புக்கு ஒரு நியாயம், தையல் மெஷினுக்கு ஒரு நியாயமா?

"கைவினைப் பொருளுக்கு விலக்கு இருக்கே"ன்னு ஒருத்தர் கமெண்டில் வருவார். இருக்கு. பட்டியலில் இருக்கிற, பெரும்பாலும் கையால் செய்த பொருளுக்கு மட்டும். மெஷினில் தைத்த சாதாரண உடை அதில் வராது.

"ஆன்லைன் வியாபாரிகளுக்கு 2023-இல் சலுகை கொடுத்தாச்சே"ன்னு இன்னொருத்தர் வருவார். ஆமா, 2023 அக்டோபர் 1 முதல் ஆன்லைன் தளங்களில் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு பதிவு வேண்டாம். ஆனா சொந்த மாநிலத்துக்குள் விற்றால் மட்டும்! ஓசூர்க்காரர் கன்னியாகுமரிக்கு அனுப்பலாம், பக்கத்தில் இருக்கிற பெங்களூருக்கு அனுப்பக்கூடாது. இதுக்குப் பேரு ஒரே நாடு, ஒரே வரி!

"விலக்கு கொடுத்தால் ஏமாத்துவாங்க" என்பது அடுத்த வாதம். ஏற்றுமதி செய்ய ஐஇசி எண் இருக்கு. தபாலிலோ கூரியரிலோ போனால் சுங்கத்துறையில் பதிவு இருக்கு. பணம் வங்கி வழியா வருது. மூணு இடத்தில் கணக்கு இருக்கிற ஒரு பாவாடையில் என்ன ஏமாத்து வேலை?

"கவுன்சிலில் மாநிலங்களும் இருக்கே?" இருக்கு. ஆனா ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. எந்த முடிவுக்கும் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேணும். எல்லா மாநிலமும் சேர்ந்து கை தூக்கினாலும் ஒன்றிய அரசு சம்மதிக்காமல் எதுவும் நகராது. அதிகாரம் எங்கே இருக்கோ, கேள்வியும் அங்கேதான் போகணும்.

2025 ஜூலை 24-இல் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. போட்டோ எடுத்தாங்க, கைதட்டினாங்க. ஆனா 2021 ஜனவரி 1 முதல் 135 பவுண்டு வரையிலான பார்சலை நேரடியா விற்கிற வெளிநாட்டுக்காரர் அங்கே வாட் பதிவு செய்யணும், எல்லைக்கோடே கிடையாது. ஐரோப்பாவில் 2021 ஜூலை 1-இல் 22 யூரோ வரை இருந்த விலக்கும் போச்சு. அங்கே கதவு இறுகிக்கிட்டே போகுது. இங்கே நம்ம வாசலையாவது திறந்து வைக்க வேண்டாமா?

நம்ம கோரிக்கை மூணே மூணு:

1. பொருள் ஏற்றுமதி செய்யும் சிறு விற்பனையாளருக்கும் ₹40 லட்சம் வரை பதிவு விலக்கு. உள்ளூர் வியாபாரிக்கு இருக்கிற அதே கோடு.

2. உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற விரும்புறவங்க தாங்களே பதிவு செய்யட்டும். விருப்பமா இருக்கட்டும், கட்டாயமா வேண்டாம்.

3. பதிவு செய்த சிறு ஏற்றுமதியாளருக்கு வருஷத்துக்கு ஒரே ரிட்டர்ன். வரி இல்லாத ரிட்டர்னுக்குத் தாமதக் கட்டணம் ரத்து.

இது சலுகை இல்லை. ஆஸ்திரேலியா நம்ம அக்காவுக்குக் கொடுக்கிற மரியாதையை டெல்லியும் கொடுக்கணும், அவ்வளவுதான்.

ஒரு விஷயம் தோழர்களே. சட்டம் மாறும் வரை சட்டம் சட்டம்தான். உங்க வீட்டில் யாராவது வெளிநாட்டுக்கு விற்கிறாங்கன்னா பதிவு செய்யச் சொல்லுங்க. ஒவ்வொரு நிதியாண்டும் முதல் பார்சலுக்கு முன்னாடி எல்யூடி போடச் சொல்லுங்க. ஏப்ரல் முதல் ஜூனுக்குள் ஐஇசி விவரங்களைப் புதுப்பிக்கச் சொல்லுங்க, இல்லாட்டி முடங்கிடும். கஷ்டப்பட்டு உழைக்கிறவங்க அபராதம் கட்டக்கூடாது.

உங்க தெருவிலும் இப்படி ஒரு அக்கா இருப்பாங்க. பொடி அரைக்கிறவங்க, நைட்டி தைக்கிறவங்க, பொம்மை செய்யறவங்க. அவங்க கதையைக் கமெண்டில் எழுதுங்க. உங்க தொகுதி எம்.பி.யை டேக் பண்ணிக் கேளுங்க. திட்ட வேண்டாம், கேள்வி கேளுங்க: "வராத வரிக்கு எதுக்குங்க பதிவு?"

அந்த மெல்போர்ன் பொண்ணுக்கு அடுத்த பொங்கலுக்காவது பாவாடை போய்ச் சேரணும்.

படிச்சா மட்டும் போதாது, பகிருங்க!

#முதல்_ரூபாய்_பதிவு_வேண்டாம்
#தையல்_மெஷினுக்கும்_நியாயம்

— தகவல் தொழில்நுட்ப அணி