ஏல அறிவிப்புக்கு முந்தைய அறுபது நாட்கள்

2020 மார்ச் முதல் ஜூன் வரை திருமலையில் தரிசனம் நிறுத்தப்பட்டபோது, திருப்பதியின் வாடகைக் கார் ஓட்டுநர், விடுதி ஊழியர், பூ விற்பவர் ஆகியோரின் வருவாயும் நின்றது. வீட்டுக் கடனின் வட்டி நிற்கவில்லை. 2025இல் சித்தூர் பகுதியில் தோத்தாபுரி மாம்பழத்தின் விலை சரிந்து, கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் தர வேண்டுமென்று அறிவிக்கும் நிலை வந்தது. இத்தகைய காரணங்களால் தவணை தவறுவோரை மோசடிக்காரர்களைப் போல நடத்துவது எவ்வகையிலும் நியாயமல்ல.

90 நாட்கள் தவணை நின்றால் அது வாராக்கடன். அதன்பின் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி, 60 நாள் அவகாசம் தரும் நோட்டீஸ் ஒன்றை அனுப்பிவிட்டு, நீதிமன்றப் படியேறாமலேயே வங்கி வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடலாம். விளைநிலத்துக்கு இச்சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. விவசாயி குடியிருக்கும் வீட்டுக்கு இல்லை!

ஏலம் தவிர வேறு வழியில்லையா? இருக்கிறது. தவணைக் காலத்தை நீட்டிக்கலாம். வருவாய் மீளும்வரை தவணையைக் குறைக்கலாம். அபராத வட்டியை நீக்கி ஒரே தொகையில் கணக்கை முடிக்கலாம். எதுவும் இயலாதபோது, உரிமையாளரே சந்தை விலைக்கு விற்றுக் கடனை அடைத்து மீதியை எடுத்துக்கொள்ள அவகாசம் தரலாம். ஆனால் இவை யாவும் வங்கியின் விருப்பம். ஒருமுறைத் தீர்வைக் கடனாளி உரிமையாகக் கோர முடியாதென்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அதே சமரசக் கதவை, வேண்டுமென்றே கடனை ஏய்த்தவர்களுக்கும் திறந்துவிடலாமென 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அனுமதியளித்தது. வங்கி ஊழியர் சங்கங்கள் எதிர்த்தது சரியே. 2014-15 முதல் பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் கணக்கிலிருந்து நீக்கிய வாராக்கடன் 16.35 லட்சம் கோடி ரூபாய் என்பது நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசே தந்த கணக்கு. இது தள்ளுபடி அல்ல, வசூல் தொடரும் என்பது அரசின் விளக்கம். அந்தப் பொறுமை ஓர் ஓட்டு வீட்டின் மீது ஏன் காட்டப்படுவதில்லை?

சிறு கடனாளியின் ஒரே வீட்டைப் பாதுகாக்க 2025 அக்டோபரில் கேரள சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. ஆந்திர அரசிடமும் அத்தகைய சட்டத்தை வலியுறுத்த வேண்டும்.

அதுவரை, நோட்டீஸ் வந்த வீட்டுக்குத் தோழர்கள் உடனே செல்ல வேண்டும். அறுபது நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபணை தந்தால், 15 நாட்களில் வங்கி காரணத்துடன் பதிலளித்தாக வேண்டும். மறுசீரமைப்புக் கோரிக்கையையும் அதிலேயே எழுதலாம். கட்டணமின்றிச் சமரசம் பேச மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. வங்கி வீட்டைக் கைப்பற்றிய பின் 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம். ஆனால் அத்தீர்ப்பாயம் சித்தூரிலும் இல்லை, திருப்பதியிலும் இல்லை. 2016 திருத்தத்துக்குப் பின், ஏல அறிவிப்பு வெளியாகிவிட்டால் முழுப் பணத்தையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமையும் போய்விடும். ஆகவே ஆட்சியர் தலைமையிலான மாவட்ட வங்கியாளர் ஆலோசனைக் குழுவில், ஏலத்துக்கு முன் ஒவ்வொரு குடும்பத்துக்கும் எந்த மாற்றுவழி முன்வைக்கப்பட்டது என்ற விவரத்தை வங்கிகள் தாக்கல் செய்ய வேண்டுமென இரு மாவட்டங்களிலும் கோர வேண்டும்.