அரை சீசன் சாம்பியனாம்... அட போங்கப்பா!

உக்ரைன் கால்பந்து லீக் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் ஒரு வசனம் தப்பாமல் வந்துவிடும். "டைனமோ கீவ், ஷாக்தார் டோனெட்ஸ்க், இந்த ரெண்டைத் தவிர வேற எவனும் அங்க கப் அடிச்சதில்லை. ஆங்... 1992ல டாவ்ரியான்னு ஒண்ணு அடிச்சுது. ஆனா அது அரை சீசன், கணக்குல வராது." சொல்லிவிட்டு ஒரு நமுட்டுச் சிரிப்பு வேறு. அந்த "கணக்குல வராது"தான் எனக்கு ஆகாது. இந்தப் பதிவு முழுக்க அதுக்குத்தான். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே நைசாக நழுவிக்கொள்ளலாம் :-)

தெரியாதவர்களுக்காக முதலில் கதைச்சுருக்கம். 1991 டிசம்பர் 1ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில் உக்ரைன் மக்கள் 90 சதவிகிதத்துக்கு மேல் "தனி நாடு" என்று குத்தினார்கள். அந்த மாசம் முடிவதற்குள் சோவியத் யூனியனே இல்லாமல் போச்சு. அதுவரை உக்ரைன் கிளப்புகள் எல்லாம் ஆடிக்கொண்டிருந்தது சோவியத் லீகில். 1991ல் அதன் உச்சப் பிரிவில் இருந்த 16 அணிகளில் ஆறு உக்ரைன் அணிகள்: டைனமோ கீவ், நிப்ரோ, ஷாக்தார், ஒடேசாவின் சோர்னோமோரெட்ஸ், கார்கிவின் மெட்டலிஸ்ட், ஸபோரிஷியாவின் மெட்டலுர்ஹ். நம்ம கதாநாயகன் டாவ்ரியா சிம்ஃபெரோபோல் அதில் கிடையாது. கிரிமியாவின் தலைநகரத்து அணி, இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. சோவியத் காலம் முழுக்க உச்சப் பிரிவை எட்டிப் பார்த்தது ஒரே ஒரு வருஷம், 1981. அந்த வருஷமே கீழே இறக்கி விட்டுவிட்டார்கள்.

ஆறு அணியை வைத்துக்கொண்டு ஒரு நாட்டுக்கு லீக் நடத்த முடியுமா? கீழ்ப்பிரிவுகளில் இருந்தவற்றையெல்லாம் வாரிச் சேர்த்து 20 அணி ஆக்கினார்கள். அதில் ஷெபெடிவ்கா என்கிற சின்ன ரயில்வே ஜங்ஷன் ஊரின் 'டெம்ப்' என்ற அணியும் உண்டு. ஊர்ப்பேரைக் கேட்டதும் சிலருக்குப் பொறி தட்டியிருக்கும். 'வீரம் விளைந்தது' என்று தமிழில் வந்த ஆஸ்திரோவ்ஸ்கி நாவலில் பாவெல் கர்ச்சாகின் வளர்கிற ஊர் அதேதான். சோவியத் நாட்டைக் கட்ட ரத்தம் சிந்தினவனோட ஊர், அந்த நாடு உடைஞ்ச மறுவருஷம் புது நாட்டு லீகில் பந்தை உதைச்சுக்கிட்டு இருக்கு. பாவெல் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பான்னு யோசிச்சா சிரிப்பும் வருது, ஒரு மாதிரியாவும் இருக்கு. சரி, விட்ட இடத்துக்கு வருவோம்.

ஏன் அரை சீசன்? இதைத்தான் நம்ம ஆட்கள் கேட்பதே இல்லை. சோவியத் லீக் வசந்தத்தில் தொடங்கி பனி கொட்டும்போது முடியும். புது உக்ரைன் சம்மேளனம் மற்ற ஐரோப்பிய நாடுகள் மாதிரி ஆகஸ்டில் தொடங்கி அடுத்த கோடையில் முடிக்கும் முறைக்கு மாறத் தீர்மானித்தது. அப்போ 1992 மார்ச்சிலிருந்து ஜூன் வரைக்கும் நடுவில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையில் சும்மா கையைக் கட்டிக்கொண்டு உட்காராமல் ஒரு லீகையே நடத்தி முடித்தார்கள். பத்துப் பத்து அணிகளாக இரண்டு குரூப், குரூப்புக்குள் ஒவ்வொருவரோடும் சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று. ஆக அணிக்கு 18 ஆட்டம். இரண்டு குரூப் முதலிடங்களும் லிவிவ் நகரத்தில் ஒரே ஒரு ஃபைனல். விண்ணப்பம் போட்டு, விவாதித்து, கமிட்டி வைத்து ரெண்டு வருஷம் கழித்து ஆரம்பிக்கவில்லை. நாடு பிறந்து மூணு மாசத்தில் பந்து உருண்டது. இதைக் குறையாகச் சொல்கிறவர்களை என்ன செய்ய?

இப்போ கணக்குக்கு வருவோம். "அரை சீசன் செல்லாது" என்பவர்கள் கொஞ்சம் சோவியத் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கணும். சோவியத் லீகின் முதல் வருஷமான 1936ல் வசந்தத்தில் ஒரு பட்டம், இலையுதிர்காலத்தில் இன்னொரு பட்டம். வசந்தத்தில் ஆடியது ஏழே ஏழு அணி. ஒருத்தருக்கொருத்தர் ஒரே தடவை. அதாவது ஆறு ஆட்டம் ஆடி டைனமோ மாஸ்கோ "தேசிய சாம்பியன்" ஆனது! இலையுதிர்காலப் பட்டம் ஸ்பார்டக் மாஸ்கோவுக்கு. சரி, அது பழங்கதை என்பீர்கள். 1976க்கு வாங்க. அந்த வருஷமும் லீகை இரண்டாக வெட்டினார்கள். 16 அணி, ஆளுக்கு 15 ஆட்டம். வசந்தத்தில் டைனமோ மாஸ்கோ, இலையுதிர்காலத்தில் டார்பிடோ மாஸ்கோ. டைனமோ மாஸ்கோவின் 11 பட்டம் என்கிறார்களே, அதில் இந்த ரெண்டும் அடக்கம். டார்பிடோவின் மொத்தமே மூணு பட்டம், அதில் ஒன்று இது. இதுக்கெல்லாம் எவனாவது பக்கத்தில் நட்சத்திரக்குறி போட்டு "அரை சீசன்" என்று எழுதியிருக்கானா? தேடிப்பாருங்க, ஊஹூம்.

டாவ்ரியா ஆடியது குரூப்பில் 18, ஃபைனல் ஒன்று, ஆக 19. பதினஞ்சு ஆடினவன் முழுச் சாம்பியன், பத்தொன்பது ஆடினவன் அரைச் சாம்பியன். எந்த ஊர்க் கணக்கு சார் இது? மாஸ்கோவில் நடந்தால் வரலாறு, சிம்ஃபெரோபோலுக்குப் போனால் விபத்து. அவ்வளவுதான் விஷயம்.

அடுத்த குற்றச்சாட்டு: "டைனமோ கீவ் அப்போ பலவீனமா இருந்துது, அதான் தோத்துது." இதில் பாதி உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. 13 தடவை சோவியத் சாம்பியன், 1975லயும் 1986லயும் ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கோப்பை. அப்பேர்ப்பட்ட அணியின் பயிற்சியாளர் லோபனோவ்ஸ்கி 1990லேயே வளைகுடாவுக்குப் போய்விட்டார். மிகைலிசென்கோ, புரோடாசோவ், லிட்டோவ்சென்கோ, குஸ்நெட்சோவ் என்று பெரிய தலைகள் எல்லாம் அதே வருஷம் வெளிநாட்டுக்கு விற்பனை. போதாக்குறைக்கு அந்த வசந்தத்தில் பார்சிலோனா, பென்ஃபிகா, ஸ்பார்ட்டா பிராஹா கூட ஐரோப்பியக் கோப்பை குரூப் ஆட்டங்கள் வேறு. களைப்பு இருக்கும்தான். ஆனால் அதே டைனமோதான் தன் குரூப்பில் முதலிடம் பிடித்து ஃபைனலுக்கு வந்தது. அங்கே வரைக்கும் வராத களைப்பு, ஃபைனலில் தோத்தவுடனே எங்கேயிருந்து வந்தது? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்க. டாவ்ரியா ஒன்றும் சந்துல புகுந்து வந்த அணி இல்லை. பயிற்சியாளர் அனடோலி ஸாயயேவ். 18 குரூப் ஆட்டத்தில் ஒரே ஒரு தோல்வி. அந்தக் குரூப்பில்தான் ஷாக்தாரும் இருந்தது, அதைத் தாண்டித்தான் முதலிடம். லீகிலேயே அதிக கோல் அடித்தவர் டாவ்ரியாவின் யூரி ஹுடிமென்கோ, 12 கோல். 1992 ஜூன் 21, லிவிவ். எல்லாரும் டைனமோவுக்குக் கோப்பையைக் கையில் கொடுத்தாச்சு என்று நினைத்துக்கொண்டிருக்க, 75ஆம் நிமிஷம் ஷெவ்செங்கோ ஒரு கோல். 1-0. ஆட்டம் க்ளோஸ். (நீங்க நினைக்கிற அந்த ஷெவ்செங்கோ இல்லை. அவர் அப்போ டைனமோ அகாடமியில் 15 வயசுப் பையன். இவர் செர்ஹி ஷெவ்செங்கோ.)

அந்தத் தேதியைக் கொஞ்சம் கவனிங்க. அதே ஜூனில் ஸ்வீடனில் யூரோ 92 நடந்துகொண்டிருந்தது. அங்கே "சுதந்திர அரசுகளின் கூட்டமைப்பு" என்ற பேரில், சொந்த நாடு இல்லாத ஒரு அணி, தேசிய கீதத்துக்குப் பதிலா பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியைப் போட்டுக்கொண்டு ஆடியது. ஜெர்மனியோட டிரா, நெதர்லாந்தோட டிரா, கடைசியில் ஜூன் 18ஆம் தேதி ஸ்காட்லாந்துகிட்ட 3-0 உதை. பழைய நாட்டு அணியின் மிச்சம் அன்னிக்கோடு முடிந்தது. மூணே நாள் கழிச்சு புது நாட்டுக்கு முதல் சாம்பியன். இதைப் போய் கணக்கில் வராதுங்கறாங்க.

"பிரிஞ்சதால தரம் போச்சு, ஒண்ணாவே ஆடியிருக்கலாம்" என்று ஒரு கோஷ்டி உண்டு. இவங்களுக்குத்தான் கொஞ்சம் நேரம் ஒதுக்கணும். தரம் போனது நிஜம். ஆனால் ஏன் போச்சு? உலகக்கோப்பை 94 தகுதிச் சுற்றில் சோவியத் யூனியனின் இடத்தை ஃபிஃபா அப்படியே ருஷ்யாவுக்குத் தாரை வார்த்தது. உக்ரைனுக்கு அந்தத் தகுதிச் சுற்றில் இடமே இல்லை. இப்போ ஒரு ஆட்டக்காரனாக யோசிங்க. உங்களுக்கு 23 வயசு. ஒரு பக்கம் நட்புறவு ஆட்டம் மட்டும் ஆடுகிற நாடு. இன்னொரு பக்கம் அமெரிக்காவில் உலகக்கோப்பை. எங்கே போவீங்க? லுஹான்ஸ்க்கில் பிறந்த ஓனொப்கோ, ஒடேசாவில் பிறந்த நிகிஃபோரோவ், சிம்பலார், கிரோவோஹ்ராதில் பிறந்த கான்செல்ஸ்கிஸ் எல்லாம் ருஷ்ய ஜெர்ஸி மாட்டினார்கள். அதில் சிம்பலார் யார் தெரியுமா? அதே 1992ல் உக்ரைனின் முதல் கோப்பைப் போட்டி ஃபைனலில் மெட்டலிஸ்ட்டுக்கு எதிராக வெற்றி கோல் அடித்து சோர்னோமோரெட்ஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர்! அவர்களைத் திட்ட எனக்கு மனசு வரலை. ஆனால் வீட்டுச் சொத்தை முழுசா அண்ணன் பேருக்கு எழுதிவிட்டு, "தம்பிக்குக் குடும்பம் நடத்தத் துப்பில்லை" என்று பஞ்சாயத்தில் பேசுவது மாதிரி இருக்கிறது இந்தத் தரப் பேச்சு.

சேர்ந்து ஆடுகிற ஆசை அத்தோடு போகவும் இல்லை. 2012, 13 வாக்கில் காஸ்பிரோம் தலைவர் மில்லர் ருஷ்யா-உக்ரைன் கூட்டு லீக் வேணும் என்று கிளப்பினார். பயிற்சியாளர் கஸ்ஸாயேவைப் பிடித்து ஏற்பாட்டுக் கமிட்டிக்குத் தலைவராகப் போட்டார்கள். நாலு பெரிய கிளப்பை வைத்து ஒரு வெள்ளோட்டப் போட்டிகூட நடந்தது. அந்தக் கூட்டு லீக் வந்திருந்தால் அதில் டாவ்ரியாவுக்கு எத்தனையாவது பிரிவு கிடைத்திருக்கும்னு நினைக்கிறீங்க? 2014 மார்ச்சுக்கு அப்புறம் அந்தப் பேச்சை எடுக்க எவனுக்கும் வாய் இல்லை.

எனக்குத் தோன்றுவதைச் சொல்லிடறேன். உக்ரைன் லீகின் "அரைகுறை" சீசன்தான் அதன் வரலாற்றிலேயே நியாயமான சீசன். அவசரத்தில் போட்ட அந்த ரெண்டு குரூப், ஒரு ஃபைனல் ஏற்பாட்டில்தான் ஒரு சின்ன ஊர் அணிக்கு வாசல் திறந்தது. "ஒழுங்கான" நீண்ட லீக் ஆரம்பித்தது 1992-93ல். அதில் டைனமோவும் நிப்ரோவும் சமப்புள்ளி, கோல் வித்தியாசத்தில் டைனமோவுக்குப் பட்டம். அதிலிருந்து வரிசையாக ஒன்பது வருஷம் டைனமோ. அப்புறம் ஷாக்தார் பணத்தோடு வந்தது. 2024-25 வரைக்கும் எடுத்துப் பார்த்தாலும் இந்த ரெண்டு பேரைத் தவிர மூணாவது ஒருத்தன் பேர் கிடையாது. முப்பது வருஷத்துக்கு மேல! ஒழுங்கா நடந்த லீகோட லட்சணம் இது. இதுல அந்த ஒரு வருஷத்தைத்தான் கோணல்ங்கறாங்க.

இப்போ கொஞ்சம் சங்கடமான பகுதி. 1991 வாக்கெடுப்பில் நாடு முழுக்க 90 சதவிகிதத்துக்கு மேல் என்றால் கிரிமியாவில் 54 சதவிகிதம்தான். 1992 மே 5ஆம் தேதி, லீக் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கிரிமியாவின் நாடாளுமன்றம் தனியாட்சிப் பிரகடனம் வேறு போட்டது. அப்புறம் சமாதானமாகிப் பின்வாங்கியது. அந்தக் களேபரத்துக்கு ஏழு வாரம் கழித்து, அந்த ஊர் அணிதான் உக்ரைனின் முதல் சாம்பியனாக நாட்டின் மேற்கு மூலையில், லிவிவில், கோப்பையைத் தூக்கியது. அடுத்த சீசனில் உக்ரைன் சார்பில் சாம்பியன்ஸ் லீகுக்குப் போனது டைனமோ இல்லை, டாவ்ரியா. அயர்லாந்தின் ஷெல்போர்னை வென்று, சுவிஸ் அணி சியோனிடம் தோற்றுத் திரும்பியது. "கிரிமியா எப்பவும் அங்கே ஒட்டாமத்தான் இருந்துது" என்று சுலபமாகச் சொல்கிறவர்களுக்கு இந்தக் கோப்பை தொண்டையில் சிக்கின முள்ளு. "கணக்குல வராது" என்று நாமும் சொல்லும்போது தெரிந்தோ தெரியாமலோ அவர்களுக்கு முள்ளை எடுத்துக் கொடுக்கிறோம்.

மிச்சக் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 2010ல் டாவ்ரியா உக்ரைன் கோப்பையை ஜெயித்தது. 2014ல் கிரிமியாவை ருஷ்யா எடுத்துக்கொண்டதும் கிளப் கலைந்தது. அதே ஊரில் வேறு பேரில் ஒரு அணி ருஷ்யப் போட்டிகளில் சேர்ந்தது. கிரிமிய அணிகள் ருஷ்ய லீகில் ஆடக்கூடாது என்று அந்த டிசம்பரில் யுஇஎஃப்ஏ தடை போட்டது. 2016ல் டாவ்ரியா என்ற பேரையே வைத்து கெர்சான் மாகாணத்தில் பெரிஸ்லாவ் என்ற சின்ன ஊரில் கிளப்பை மறுபடி ஆரம்பித்தார்கள், சொந்த ஊர் மண்ணை மிதிக்க முடியாமல். 2022ல் அந்தப் பெரிஸ்லாவும் ருஷ்யப் படை கையில் போய், நவம்பரில்தான் மீண்டது.

மைதானம் போச்சு, ஊர் போச்சு. அந்த அணிக்கு மிச்சம் இருப்பது பட்டியலில் முதல் வரி ஒன்றுதான். அதையும் அடிக்கணும்னு நினைக்கிறவங்க, போய் முதல்ல டைனமோ மாஸ்கோகிட்ட 1976 பட்டத்தைத் திருப்பி வாங்கிட்டு வாங்க. அப்புறம் உட்கார்ந்து பேசலாம்.