லேட் ஆனா பரவால்ல, வாயைத் திறங்க!

முன்பதிவுக்குப் பணம் கட்டிட்டு, ஒரு காமிக்ஸ் புத்தகத்துக்காக மாசக்கணக்குல காத்திருந்த அனுபவம் உங்கள்ல எத்தனை பேருக்கு இருக்கு? எனக்கு இருக்கு. 64 பக்கம், முழு வண்ணம், 450 ரூபாய், பொங்கலுக்குக் கையில் கிடைக்கும்னு விளம்பரம். ஜிபே பண்ணி ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். ஹாஸ்டல் ரூம் வருஷா வருஷம் மாறும்ங்கறதால மேல்சித்தாமூர் வீட்டு அட்ரஸைக் கொடுத்தேன்.

நான் மட்டும் கட்டியிருந்தா இந்தக் கட்டுரையே தேவையில்ல. நான் சொல்லி இன்னும் நாலு பேர் கட்டினாங்க. அதுல ஒருத்தன் எங்க தெருவுல பிளஸ் ஒன் படிக்கிற தம்பி. சொந்தக்காரங்க கொடுத்த காசைச் சேர்த்து வச்சுக் கட்டினான்.

பொங்கல் போச்சு. ஊர்த் தேர் போச்சு. ஒரு செமஸ்டரும் போச்சு. ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் அந்தத் தம்பி, "அண்ணா, புக்கு?"ன்னு கேப்பான். நான் தெரு மாத்திப் போக ஆரம்பிச்சேன்.

கடைசியில 11 மாசம் கழிச்சுப் புத்தகம் வந்துச்சு. நல்ல புத்தகம்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனா நடுவுல அஞ்சு மாசம் அந்தக் குழுகிட்ட இருந்து ஒரு வரிகூட வரல. மெசேஜ் போட்டா ப்ளூ டிக் மட்டும் வரும். தாமதத்தை நான் எப்பவோ மன்னிச்சிட்டேன். அந்த அஞ்சு மாச மௌனத்தை மட்டும் இன்னும் மன்னிக்க முடியல. நான் சொல்ல வந்ததும் அதுதான்: லேட் ஆவது குற்றம் இல்ல, சொல்லாம இருப்பதுதான் குற்றம்.

ஏன் லேட் ஆகுது? நம்ம இன்ஜினியரிங் மூளையை வச்சே கணக்குப் போடுவோம். வரையிறவர் பகல்ல வேலைக்கோ காலேஜுக்கோ போறவர். பென்சில், மை ரெண்டும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு ரெண்டு நாள்னு வச்சுக்கோங்க. 64 பக்கத்துக்கு 128 நாள். நாலு மாசத்துக்கும் மேல. இன்னும் வண்ணம் போடல, பலூன்ல வசனம் எழுதல, பிழை திருத்தல. நடுவுல ஒரு காய்ச்சல், ஒரு மாடல் எக்ஸாம் வந்தா மொத்த அட்டவணையும் சரியும்.

அடுத்தது அச்சு. ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியானதுல இருந்து வருஷக் கடைசி வரைக்கும் சிவகாசியில காலண்டர், டைரி சீசன். பொங்கலுக்குப் புத்தகம்னு சொல்றவங்க சரியா அந்த நெரிசல்லதான் ஃபைலைத் தூக்கிக்கிட்டுப் போகணும். சின்ன ஆர்டருக்கு வரிசையில எந்த இடம் கிடைக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அப்புறம் தபால். 2025 செப்டம்பர் 1-ல இருந்து பதிவுத் தபாலை விரைவுத் தபாலோட இணைச்சிட்டாங்க. பழைய கட்டணத்தை நம்பி விலை வச்சவங்களுக்குக் கணக்கு இடிக்கும்.

இது உலகம் முழுக்க இருக்கிற கதை. கிக்ஸ்டார்ட்டர் 2009-ல் தொடங்கியது. அதிலிருந்த டிசைன், டெக்னாலஜி திட்டங்களைப் பற்றி பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈதன் மாலிக் 2014-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். 75 சதவீதத்துக்கும் மேல் சொன்ன தேதியைத் தாண்டித்தான் பொருளைக் கொடுத்திருந்தன. அதே பேராசிரியர் 2015-ல் எல்லா வகைத் திட்டங்களையும் பார்த்தபோது, கடைசிவரை கொடுக்காமலே போனவை சுமார் 9 சதவீதம். அதாவது, ஏமாத்துறவங்களை விட லேட் பண்றவங்கதான் பல மடங்கு அதிகம்.

காமிக்ஸ்ல ரெண்டு உதாரணம் பாருங்க. ரெண்டுமே 2012-ல் பணம் திரட்டியவை.

முதலாவது, ரிச் பர்லூ வரையும் 'தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்'. தீர்ந்துபோன ஒரு புத்தகத்தை மறுபதிப்புச் செய்ய 57,750 டாலர் கேட்டார். வந்தது 12,54,120 டாலர். பணம் ஏற ஏற, கூடுதலாக இந்தக் கதை, அந்தப் புத்தகம் என்று வாக்குறுதியும் ஏறியது. அதே வருஷம் செப்டம்பரில் கண்ணாடி கிழித்து, வரையும் கையில் பலத்த காயம். சொன்ன பரிசுகள் முழுசாக வந்து சேர வருஷங்கள் ஆனது. ஆனால் கையில் என்ன ஆச்சு, எது முடிஞ்சது, எது பாக்கி என்று அவர் வாசகர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். இன்றைக்கும் அவருக்கு வாசகர்கள் இருக்கிறார்கள்.

ரெண்டாவது, 'பிக்சர்ஸ் ஃபார் சாட் சில்ட்ரன்' வெப் காமிக்கை வரைந்தவர். 51,000 டாலருக்கு மேல் வந்தது. புத்தகம் அச்சாகிச் சுமார் முக்கால்வாசிப் பேருக்குப் போய்ச் சேர்ந்தது. மற்றவர்கள் கேட்டுக் கேட்டுப் பார்த்தார்கள். 2014 பிப்ரவரியில், இனி அனுப்ப மாட்டேன் என்று அறிவித்து, 127 புத்தகங்களை எரிக்கும் வீடியோவை வெளியிட்டார். கேட்டு வரும் ஒவ்வொரு மெயிலுக்கும் இன்னொரு புத்தகம் எரியும் என்றும் சொன்னார். பிறகு வேறொருவர் முன்வந்து மிச்சப் புத்தகங்களை அனுப்பிவைத்தார். அவர் மனசு எவ்வளவு நொந்திருக்கும்னு எனக்குப் புரியுது. தனியாளா அத்தனை பார்சலைச் சமாளிக்கிறது லேசு இல்ல. ஆனா, "என்னால முடியல, யாராவது வந்து பார்சல் கட்டுங்க"ன்னு முன்னாடியே கேட்டிருந்தா எரிக்கிற அளவுக்குப் போயிருக்காதே?

"அதெல்லாம் அமெரிக்கா"ன்னு தள்ளிடாதீங்க. முன்பதிவு நமக்குப் புதுசே இல்ல. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவுல இருக்கிற எங்க மேல்சித்தாமூர்லதான் தமிழ்ச் சமணர்களோட தலைமை மடம் இருக்கு. அவங்க கொண்டாடுற சீவக சிந்தாமணியை 1887-ல் உ.வே.சாமிநாதையர் அச்சில் கொண்டுவந்தப்போ, புத்தகம் வருவதற்கு முன்னாடியே ஆட்களிடம் கையொப்பம் வாங்கினார். புத்தகம் வந்தா இத்தனை பிரதி வாங்கிக்கிறேன்னு ஒருத்தர் எழுதிக் கொடுக்கிறதுதான் கையொப்பம். அந்தக் காலத்துல பல தமிழ்ப் புத்தகங்கள் அப்படித்தான் அச்சேறின. ஆளைப் பார்த்து, பேச்சை நம்பிப் போட்ட கையெழுத்து. இப்போ கையெழுத்துக்குப் பதிலா க்யூஆர் கோடு, அவ்வளவுதான் வித்தியாசம்.

சிவகாசி லயன்–முத்து காமிக்ஸையே எடுத்துக்கோங்க. 2012-ல புது வடிவத்துல திரும்பி வர்றதுக்கு முன்னாடி, அடுத்த இதழ் எப்போன்னு தெரியாம வாசகர்கள் காத்துக் கிடந்த காலம் உண்டு. இருந்தும் 2010-ல 'இரத்தப் படலம்' 18 பாகங்களையும் ஒரே தடிப் புத்தகமாப் போடுறோம்னு சொன்னப்போ, அதே வாசகர்கள் முன்பதிவு செஞ்சாங்க. ஏன்? என் கணிப்பு இதுதான்: ஆசிரியர் விஜயன் 'ஹாட்லைன்' பகுதியில வாசகர்கள்கிட்ட வீட்டு மனுஷன் மாதிரிப் பேசிக்கிட்டே இருந்தார். தாமதத்துக்குத் திட்டினவங்ககூட ஆளை விட்டுப் போகல.

இதையெல்லாம் இப்போ ஏன் சொல்றேன்? நம்ம காலேஜ்லயே ஒரு டீம் ராஜா தேசிங்கு கதையை காமிக்ஸா பண்ணப் போறாங்க. அடுத்த மாசம் முன்பதிவு. சந்தோஷம். செஞ்சிக் கோட்டையை நாமளே வரையலன்னா வேற யார் வரைவா? ஆனா க்யூஆர் கோடு ஒட்டுறதுக்கு முன்னாடி நாலு விஷயம்.

கடைசிப் பக்கத்துக்கு மை போட்ட பிறகு பணம் கேளுங்க. "வரையிறதுக்கே காசு வேணுமே"ன்னா, நியாயம்தான். அப்போ 64 பக்கத்தை விட்டுட்டு 24 பக்கத்துல ஆரம்பிங்க. கடன் சின்னதா இருக்கும். அச்சுக்கும் தபாலுக்கும் வந்த காசைத் தனி அக்கவுண்ட்ல போடுங்க, அதுல டேப்லெட் வாங்காதீங்க. திருப்பிக் கேக்கிறவங்களுக்குக் கேள்வி கேக்காம திருப்பிக் கொடுங்க.

நாலாவதுதான் முக்கியம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ஜீரோத் ரிவ்யூ, ஃபர்ஸ்ட் ரிவ்யூன்னு வைக்கிறாங்கல்ல? வேலை ஆகலன்னாலும் போய் நின்னு, "இவ்வளவுதான் சார் ஆச்சு"ன்னு சொல்லித்தானே ஆகணும்? பணம் கட்டினவங்களுக்கும் மாசம் ஒரு ரிவ்யூ கொடுங்க. "இந்த மாசம் மூணு பக்கம்தான் ஆச்சு, இன்டர்னல்ஸ் வந்துருச்சு"ன்னு ரெண்டு வரி போதும். அசிங்கமாத்தான் இருக்கும். அந்த அசிங்கம் ஒரு நாள்தான். பேசாம இருந்தா நாளுக்கு நாள் பேசுறது கஷ்டமாகிக்கிட்டே போகும்.

வாங்குற நமக்கும் ஒரு பொறுப்பு இருக்கு. நாம கொடுக்கிறது கடையில கொடுக்கிற காசு இல்ல, ஒருத்தரோட முயற்சிக்குக் கொடுக்கிற கைமாத்து. வாரத்துக்கு நாலு தடவை "எப்போ ப்ரோ?"ன்னு கேட்டா ஒரு பக்கமும் சீக்கிரம் முடியாது.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். தேசிங்கு காமிக்ஸ் போஸ்டரைத் தம்பி எப்படியோ பார்த்திருக்கான். "அண்ணா, இதுக்குக் கட்டலாமா?"ன்னு கேட்டான். என்கிட்ட அப்போ பதில் இல்ல. இப்போ இருக்கு. எத்தனை பக்கம் முடிஞ்சிருக்குன்னு அவங்களைக் கேளுடா. நேரா ஒரு நம்பர் சொன்னா, அது அஞ்சே பக்கமா இருந்தாலும் தைரியமாக் கட்டு, லேட் ஆனாலும் சொல்லுவாங்க. "சீக்கிரமே வருது"ன்னு மட்டும் சொன்னா, காசைப் பத்திரமா வச்சுக்க.