குண்டு பட்டும் சாகாத ஹீரோ: ‘டி20 மாடர்ன்’ விளையாட்டை ரசிகர்கள் திட்டிக்கொண்டே நேசிப்பது ஏன்?

‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடர் பார்த்தவர்களுக்கு அந்த முதல் எபிசோடு நினைவிருக்கும். நான்கு சிறுவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடையை உருட்டி, ஒரு அரக்கனோடு சண்டை போடுவார்கள். திரை கிடையாது, ஜாய்ஸ்டிக் கிடையாது. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி “நான் கதவை உடைக்கிறேன்”, “நான் ஒளிஞ்சுக்கிறேன்” என்பார்கள். நினைத்தது நடந்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். இதுதான் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம்.

அந்தச் சிறுவர்கள் ஆடியது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974-இல் வெளியான ஆட்டம். வாள், மந்திரம், டிராகன், தங்கப் புதையல் இதன் உலகம். சரி, அதே ஆட்டத்தை இன்றைய உலகத்தில் ஆடினால்? வாளுக்குப் பதில் துப்பாக்கி, குதிரைக்குப் பதில் கார், தங்கக் காசுக்குப் பதில் கிரெடிட் கார்டு. 2002 நவம்பரில் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வெளியிட்ட ‘டி20 மாடர்ன்’ அந்த முயற்சிதான். இருபது ஆண்டுகள் தாண்டியும் இதைப் பற்றிய பேச்சு ஒரே மாதிரிதான் போகிறது: “ஐடியா சூப்பர், ஆனா…”

அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. நாம் வாழும் வாழ்க்கையை, டிராகன் வேட்டைக்கு எழுதிய விதிகளால் அளக்க முடியுமா?

பின்னணி என்ன?

2000-ஆம் ஆண்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்றாம் பதிப்பு வந்தது. எந்தச் செயலுக்கும் ஒரே முறை: 20 முகமுள்ள பகடையை உருட்டு, உன் திறமைக்கான எண்ணைக் கூட்டு, இலக்கு எண்ணை எட்டினால் வெற்றி. ‘டி20’ என்ற பெயரே அந்தப் பகடையைத்தான் குறிக்கிறது. கூடவே ‘ஓபன் கேம் லைசென்ஸ்’ என்ற உரிமமும் வந்தது. இந்த விதிகளை வைத்து மற்ற நிறுவனங்களும் ஆட்டங்கள் எழுதி விற்கலாம் என்றது அது.

அதே இன்ஜினை நிகழ்காலத்தில் பொருத்தும் வேலையை பில் ஸ்லாவிசெக், ஜெஃப் கிரப், ரிச் ரெட்மன், சார்ல்ஸ் ரயன் ஆகிய நால்வர் செய்தார்கள். அடுத்து ‘அர்பன் ஆர்கானா’ (2003), ‘டி20 ஃபியூச்சர்’ (2004), ‘டி20 பாஸ்ட்’ (2005) என்று துணை நூல்கள் வரிசையாக வந்தன.

எதை ரசித்தார்கள்?

பழைய ஆட்டத்தில் நீங்கள் போர்வீரர், மந்திரவாதி, திருடர் என ஏதோ ஒரு ‘கிளாஸ்’. இன்றைய உலகத்தில் மனிதர்களை அப்படிப் பிரிக்க முடியாது. அதனால் டி20 மாடர்ன் ஆறு அடிப்படைத் திறன்களிலிருந்து ஆறு வகை ஹீரோக்களைச் செய்தது: ஸ்ட்ராங், ஃபாஸ்ட், டஃப், ஸ்மார்ட், டெடிகேட்டட், கரிஸ்மாட்டிக். லெவல் ஏற ஏற, இவற்றைக் கலந்துகொள்ளலாம். இரண்டு லெவல் ஸ்மார்ட், ஒரு லெவல் ஃபாஸ்ட் என்று ஒரு பத்திரிகையாளரை உருவாக்கலாம்.

இதோடு ‘தொழில்’ என்ற அம்சமும் வந்தது. டாக்டர், மாணவர், ராணுவம், கிராமப்புறம், குற்றவாளி, மதப்பணி என்று ஒரு பட்டியல். கதை தொடங்கும் முன் நீங்கள் யாராக இருந்தீர்கள் என்பதை அது சொல்லும். அதற்கேற்ற திறமைகளையும் கொடுக்கும்.

இன்னொரு நல்ல மாற்றம், ‘நல்லவன் - கெட்டவன்’ என்ற முத்திரையைத் தூக்கியது. அதற்குப் பதில் ‘விசுவாசம்’: குடும்பம், வேலை பார்க்கும் நிறுவனம், நாடு, ஒரு கொள்கை என மூன்று வரை வைத்துக்கொள்ளலாம். அண்ணனா, போலீஸ் வேலையா என்று தடுமாறும் பாத்திரத்துக்கு இந்த ஒரு வரி போதும்; கதை தானாகக் கிளம்பிவிடும். ஆபத்தான நேரத்தில் கூடுதலாக ஒரு ஆறுமுகப் பகடையை உருட்டிக்கொள்ள உதவும் ‘ஆக்‌ஷன் பாயிண்ட்’டும் பலருக்குப் பிடித்தது. 2004-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ‘எபரான்’ உலகமும் இதே பெயரில் இதைச் சேர்த்துக்கொண்டது.

எங்கே இடித்தது?

முதல் இடி, துப்பாக்கி. 9 மி.மீ. பிஸ்டல் குண்டு பட்டால் இரண்டு ஆறுமுகப் பகடை உருட்ட வேண்டும். சராசரி சேதம் 7, அதிகபட்சம் 12. முதல் லெவலில் இது பயங்கரம்தான். ஒரு குண்டிலேயே ஆள் சாயலாம். ஆனால் லெவல் ஏறும்போது ‘ஹிட் பாயிண்ட்’ எனும் உயிர்ப் புள்ளிகளும் ஏறும். உடல்திடம் 14 உள்ள டஃப் ஹீரோ 10-வது லெவலுக்கு வரும்போது சராசரியாக 80 புள்ளி இருக்கும். கணக்குப் போட்டால், அவரைச் சாய்க்க 11 அல்லது 12 குண்டு வேண்டும்.

வடிவமைப்பாளர்கள் இதை யோசிக்காமல் இல்லை. ஒரே அடியில் வரும் சேதம் உடல்திடத்தின் எண்ணைத் தாண்டிவிட்டால், பகடையில் தப்பித்தாக வேண்டும். தவறினால் உயிருக்குப் போராடும் நிலை. பழைய ஆட்டத்தில் இந்த எல்லை 50 புள்ளி. இங்கே அதை மனித அளவுக்கு இறக்கினார்கள். ஆனால் அதே டஃப் ஹீரோவின் எல்லை 14. பிஸ்டல் குண்டு சாதாரணமாகத் தரும் அதிகபட்சமோ 12. ‘கிரிட்டிக்கல்’ விழுந்தால் ஒழிய அந்த விதி எட்டிக்கூடப் பார்க்காது. “துப்பாக்கியை நெத்தியில வெச்சா பயம் வரணும்ல? இங்க ஹீரோ சிரிக்கிறாரே!” என்பது ஒரு தரப்பின் புலம்பல்.

ஒப்பிட்டுப் பார்க்க ‘கால் ஆஃப் கதுல்ஹு’ இருக்கிறது. 1981-இல் வந்த இந்தத் திகில் ஆட்டத்தில் சாதாரண மனிதருக்கு ஏறக்குறைய 10 முதல் 13 உயிர்ப் புள்ளிகள்தான். எவ்வளவு அனுபவம் சேர்ந்தாலும் அவை லெவலோடு ஏறாது. 9 மி.மீ. குண்டின் சேதம் ஒரு பத்துமுகப் பகடை. இரண்டு குண்டு பட்டால் கதை முடியலாம். அதனால் அங்கே ஆடுபவர்கள் துப்பாக்கியைப் பார்த்ததும் ஓடுகிறார்கள். எண்ணை மாற்றினால் மனிதர்களின் நடத்தையே மாறுகிறது.

காசு விஷயம்

இரண்டாவது இடி, பணம். டி20 மாடர்னில் ரூபாய், டாலர் எண்ண வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு ‘செல்வ எண்’. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ‘விலை எண்’. 5 டாலர் பொருளுக்கு விலை எண் 2. 500 டாலர் பொருளுக்கு 15. பகடையை உருட்டிச் செல்வ எண்ணைக் கூட்டி, விலை எண்ணை எட்டினால் பொருள் உங்களுடையது.

ஒரு உதாரணம். செல்வ எண் 6 உள்ளவர் 500 டாலர் பொருள் வாங்கப் போகிறார். பகடையில் 9 அல்லது அதற்கு மேல் விழுந்தால் கிடைக்கும். ஆனால் வசதிக்கு மீறிய பொருள் என்பதால் செல்வ எண் ஒன்று குறையும். விலை எண் 15-ஐத் தொட்டதால் இன்னொன்றும் குறையும். ஆக 6 இருந்தது 4 ஆகிவிடும். அதே ஆள், விலை எண் 6 அல்லது அதற்குக் கீழுள்ள பொருட்களை வாங்கினால் செல்வ எண் குறையவே குறையாது. விதியை எழுத்துக்கு எழுத்து படித்தால், கடையையே காலி செய்யலாம். “போதும்ப்பா” என்று கேம் மாஸ்டர்தான் தடுக்க வேண்டும்.

இதற்கு ஆதரவாகவும் நியாயம் உண்டு. மாதக் கடைசியில் பர்ஸ் காலியாக இருந்தாலும் கார்டைத் தேய்த்து போன் வாங்குகிறவர்கள்தானே இன்றைய மனிதர்கள்? கையிருப்பைவிட ‘கடன் வாங்கும் தகுதி’தான் வாங்கும் சக்தி. அந்த உண்மையை இந்த விதி பிடித்திருக்கிறது. பிடிக்காமல் விட்டது வறுமையை. வாடகை கட்ட முடியாத பதற்றம், கடன்காரர் கதவைத் தட்டும் இரவு, நண்பரிடம் கைநீட்டும் கூச்சம் எல்லாம் ஒரு எண்ணுக்குள் அமுங்கிவிடுகின்றன. நவீன வாழ்க்கையில் பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது குறை, காத்திருப்பு. புலனாய்வாளர், மெய்க்காவலர், கள மருத்துவர் போன்ற ‘அட்வான்ஸ்டு கிளாஸ்’ பெரும்பாலும் 4-வது லெவலில்தான் திறக்கும். துப்பறிவாளராக ஆட வந்தவர், அந்தப் பெயரை எடுக்கவே பல வாரம் ஆட வேண்டியிருக்கும்.

அப்படியானால் தோல்வியா?

இல்லை. இந்த ஆட்டத்தில் பாராட்டு வாங்கிய அம்சங்களைப் பாருங்கள்: தொழில், விசுவாசம், கலந்துகொள்ளும் ஹீரோக்கள். எல்லாமே பழைய ஆட்டத்தைவிட்டுத் துணிந்து விலகிய இடங்கள். திட்டு வாங்கியவற்றில் முக்கியமானது ஏறிக்கொண்டே போகும் உயிர்ப் புள்ளி. அது தாய்வீட்டிலிருந்து அப்படியே வந்தது. பண விதி புதிதுதான், ஆனால் பாதியில் நின்றுவிட்டது. தைரியம் குறைந்த இடத்தில்தான் ஆட்டம் சறுக்கியிருக்கிறது.

இதை ‘நவீன வாழ்க்கை’ ஆட்டமாக எடுத்தால் ஏமாற்றம்தான். ஆக்‌ஷன் பட ஆட்டமாக எடுத்தால் கணக்கு சரியாக வருகிறது. மாஸ் படத்தில் ஹீரோ பத்து குண்டு தாண்டி எழுந்து வந்தால் யாரும் லாஜிக் கேட்பதில்லை. மாத வாடகையும் கேட்பதில்லை. கார் துரத்தல், கூரையிலிருந்து குதித்தல், கடைசி நொடியில் ஆக்‌ஷன் பாயிண்ட் என்றால் டி20 மாடர்ன் இன்றும் தெம்பாக ஓடும். போலீஸ் விசாரணையோ திகில் கதையோ வேண்டுமென்றால் வேறு புத்தகத்தை எடுப்பதே நல்லது.

இன்னும் ஏன் பேசுகிறார்கள்?

டி20 மாடர்னின் அடிப்படை விதிகளும் அதே திறந்த உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டன. அதனால் குறை கண்டவர்கள் புலம்பியதோடு நிற்க வேண்டியிருக்கவில்லை. பண விதியை மாற்றி எழுதலாம், குண்டின் சேதத்தைக் கூட்டலாம், அதை வெளியிடவும் செய்யலாம். நிறுவனம் 2008-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நான்காம் பதிப்போடு வேறு திசையில் போன பிறகும் ஆட்டம் அழியாமல் இருக்க இது பெரிய காரணம். 2022-இல் இணையவழி நிதி திரட்டி உருவான ‘எவ்ரிடே ஹீரோஸ்’ ஆட்டத்திலும் ஆறு திறன்களுக்கு ஆறு வகை ஹீரோ என்ற அதே அடித்தளம்தான்.

2023 ஜனவரியில் அந்தப் பழைய உரிமத்தை மாற்ற விசார்ட்ஸ் முயன்றபோது ஏன் அவ்வளவு கொந்தளிப்பு என்பதும் இங்கே புரியும். எதிர்ப்பு வலுத்ததால் அதே மாத இறுதியில் நிறுவனம் பின்வாங்கியது. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலும் வெளியிட்டது. ரசிகர்கள் காக்க நினைத்தது குறையில்லாத ஒரு புத்தகத்தை அல்ல. குறையுள்ள புத்தகத்தைத் தாங்களே திருத்திக்கொள்ளும் உரிமையை.

குண்டுக்கு எத்தனை புள்ளி, வறுமைக்கு எந்த எண் என்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து சண்டை போடுவது வீண் வேலையாகத் தெரியலாம். ஆனால் அந்தச் சண்டையில்தான் ஒவ்வொருவரும் உயிரும் பணமும் தங்களுக்கு என்ன என்பதைச் சொல்லிவிடுகிறார்கள். டி20 மாடர்ன் சரியான பதில்களைத் தரவில்லை. ஆனால் இந்தக் கேள்விகளை மேசைக்குக் கொண்டுவந்தது. திட்டிக்கொண்டே எடுத்து ஆட அது போதாதா?